பிரித்துப் பார்த்த பையன்!



தூத்துக்குடியில் திரேஸ்புரம் கடற்கரைப் பக்கம் நீங்கள் போயிருப்பீர்கள். கரையில் ஏற்றி வைத்த வல்லங்களின் பக்கத்தில் யாராவது ஒரு மெக்கானிக் அண்ணன் உட்கார்ந்திருப்பார். கையெல்லாம் கறுப்பு எண்ணெய். முன்னால் ஒரு பழைய சாக்கு. அதன்மேல் எஞ்சினின் உறுப்புகள் வரிசையாகக் கிடக்கும். பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். ஆனால் சாயங்காலம் போய்ப் பாருங்கள். அத்தனையும் பழையபடி பூட்டப்பட்டு, எஞ்சின் 'டப டப' என்று ஓடிக்கொண்டிருக்கும்!

ஒரு காலத்தில் நம் ஊர் வல்லங்கள் பாய் விரித்து, காற்றை நம்பித்தான் ஓடின. பிறகு எஞ்சின் வந்தது. எஞ்சின் வந்தபோதே இன்னொரு தேவையும் கூடவே வந்துவிட்டது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது? அதைப் பிரிக்கத் தெரிய வேண்டும். பிரித்ததைத் திரும்பப் பூட்டவும் தெரிய வேண்டும். பிரிக்க மட்டும் தெரிந்தால் போதாது, சரிதானே?

இந்த இரண்டையும் யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே கற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றித்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் நம் தமிழ்நாட்டுக்காரர். கோவைக்காரர். 'இந்தியாவின் எடிசன்' என்று பெயர் எடுத்தவர். அவர்தான் ஜி.டி. நாயுடு.

களங்கல் கிராமத்துப் பையன்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, சூலூருக்கு அருகில் களங்கல் என்று ஒரு சிறிய கிராமம். அங்கே 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார் துரைசாமி. தந்தை கோபால்சாமி நாயுடு ஒரு விவசாயி. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பதுதான் பின்னாளில் ஜி.டி. நாயுடு என்று சுருங்கியது.

துரைசாமி கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தார். தாயில்லாப் பிள்ளை. குறும்போ கொஞ்சநஞ்சம் இல்லை! பள்ளிக்கூடத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி வீசினார் என்றுகூடச் சொல்வார்கள். தொடக்க வகுப்புகளோடு அவருடைய படிப்பு நின்றது.

உடனே உங்களில் சிலர் முகத்தில் ஒரு புன்னகை வருவது எனக்குத் தெரிகிறது. 'அப்படியானால் நாமும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாமே!' என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பையன் பெரியவனானதும் என்ன கட்டினான் என்பதை அப்புறம் சொல்கிறேன். அதைக் கேட்டபிறகு முடிவு செய்யுங்கள்.

படிப்பு நின்றதும் துரைசாமி தந்தையின் தோட்டத்தில் வேலை செய்தார். ஏர், ஏற்றம், மாடு, பருத்திக் காடு. அவர் கண்ட உலகம் அவ்வளவுதான். வண்டி என்றால் மாட்டு வண்டி அல்லது குதிரை வண்டி. எதையாவது இழுக்க ஓர் உயிர் வேண்டும் என்பதுதான் அன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இழுக்க ஆளில்லாத வண்டி!

ஒரு நாள் கிராமத்துச் சாலையில் ஒரு விநோதம் வந்தது. வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் இரண்டு சக்கர வண்டி ஒன்றில் வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. மிதிக்கவும் இல்லை. 'தட தட' என்று சத்தம். பின்னால் புகை. வண்டி தானாக ஓடியது!

அது ரட்ஜ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள். அந்த நிறுவனம் முதலில் சாதாரண சைக்கிள் செய்து புகழ் பெற்றது. பிறகு 1911-ஆம் ஆண்டு வாக்கில் மோட்டார் சைக்கிள் விற்கத் தொடங்கியது. அதாவது, துரைசாமி பார்த்தது அன்றைய உலகத்துக்கே புதுசான பொருள்!

மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். துரைசாமியால் அப்படிப் போக முடியவில்லை. இது எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. அப்படி ஒரு வண்டியைச் சொந்தமாக வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

சரி, பணம்? கையில் காலணா இல்லை. கோயம்புத்தூருக்குப் போனார். ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். இலை போட்டார், தண்ணீர் வைத்தார், எச்சில் மேசையைத் துடைத்தார். சம்பளத்தைச் செலவு செய்யாமல் சேர்த்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! சேர்ந்த தொகை முந்நூறு, நானூறு ரூபாய். அந்தப் பணத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் நிலம்கூட வாங்கலாம்.

துரைசாமி அதை அப்படியே கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

பிரித்தார்... பூட்டினார்!

இப்போது நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஏறி உட்கார்ந்து ஊரைச் சுற்றுவீர்கள். துரைசாமி செய்தது வேறு. வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிப் போட்டார்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று வருட உழைப்பு தரையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் அத்தனையும் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். சொல்லிக் கொடுக்கக் குருவும் இல்லை. பக்கத்தில் பட்டறையும் இல்லை. அது எவ்வளவு பெரிய துணிச்சல்!

ஒரு மோட்டார் சைக்கிளுக்கு உள்ளே என்னதான் இருக்கிறது? சுருக்கமாகச் சொல்கிறேன். கார்புரேட்டர் என்று ஒரு சிறு கிண்ணம் போன்ற உறுப்பு. அது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும். அந்தக் கலவை சிலிண்டர் என்ற குழாய்க்குள் போகும். குழாய்க்குள் பிஸ்டன் என்ற அடைப்பு மேலும் கீழும் போய்வரும். அது கலவையை அழுத்தும்போது ஸ்பார்க் பிளக் ஒரு பொறியைத் தட்டும். 'டப்' என்று கலவை வெடிக்கும். வெடித்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். மேலும் கீழும் போகிற அந்த ஓட்டத்தை ஒரு வளைந்த தண்டு சுழற்சியாக மாற்றும். அந்தச் சுழற்சி சக்கரத்துக்குப் போகும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் சங்கிலிக்குப் பதில் ஒரு வார்தான் சக்கரத்தைச் சுற்றியது. நம் வீட்டுத் தையல் மிஷினில் ஓடுமே, அதுபோல!

துரைசாமிக்கு இந்தப் பெயர்கள் எதுவும் முதலில் தெரியாது. ஆனால் எது எதோடு சேர்கிறது, எது அசைந்தால் எது அசைகிறது என்பதைக் கையால் தொட்டுத் தொட்டுப் புரிந்துகொண்டார். கழற்றினார், துடைத்தார், பூட்டினார். வண்டி ஓடியது!

நம் பக்கத்தில் முத்துக் குளித்த காலத்தை உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். கடைசியாக 1961-ஆம் ஆண்டில் இங்கே முத்துக் குளித்தார்கள். மூச்சைப் பிடித்து ஆழத்துக்குப் போய்ச் சிப்பி எடுத்து வருவார்கள். ஆனால் சிப்பியை வெளியே இருந்து பார்த்தால் உள்ளே முத்து இருக்கிறதா என்று தெரியாது. திறந்தால்தான் தெரியும். துரைசாமிக்கு மோட்டார் சைக்கிள் அப்படி ஒரு சிப்பி. அவர் திறந்து பார்த்தார். முத்து கிடைத்தது.

விழுந்தார்... எழுந்தார்!

இனி அவருக்கு எல்லாம் வெற்றிதான் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் பருத்தித் தொழிலில் இறங்கினார். நல்ல லாபம் வந்தது. ஆசை பெரிதானது. பெரிய வியாபாரம் செய்ய பம்பாய்க்குப் போனார். அங்கே பருத்தி விலை ஏறி இறங்கும் சூதாட்டத்தில் சேர்த்த பணம் கரைந்தது. வெறுங்கையோடு கோவைக்குத் திரும்பினார்.

வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். நாயுடு என்ன செய்தார் தெரியுமா? பணம் போனாலும் கையில் இருந்த வித்தை போகவில்லையே! கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். காப்பி, பஞ்சாலை, மோட்டார் எனப் பல தொழில் நடத்தியவர். அவரிடம் வேலைக்குப் போனார் நாயுடு. இளைஞனின் திறமையை ஸ்டேன்ஸ் கண்டுகொண்டார். சம்பள வேலையில் கிடப்பதைவிடச் சொந்தமாக ஒரு பஸ் ஓட்டலாமே என்று ஊக்கம் கொடுத்து, கடனுக்கும் வழி செய்தார்.

1920-ஆம் ஆண்டு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. ஒரே ஒரு பஸ்! முதலாளியும் நாயுடு. ஓட்டுநரும் நாயுடு. வண்டி பழுதானால் அடியில் படுத்துச் சரி செய்யும் மெக்கானிக்கும் நாயுடுதான்!

ஒரு பஸ் பல பஸ்ஸானது

அன்றைய சாலைகள் இன்றுபோல் தார்ச்சாலை அல்ல. கப்பிக்கல்லும் புழுதியும்தான். பஸ் குலுங்கிக் குலுங்கி ஓடும். அந்தக் குலுக்கலில் திருகாணிகள் கழலும். எஞ்சின் சூடாகித் தண்ணீர் கொதிக்கும். வெளிநாட்டு உதிரிப் பாகம் கப்பலில் வந்து சேர மாதக் கணக்காகும். அதுவரை வண்டி நின்றால் வருமானம் எங்கே இருந்து வரும்?

ஆகவே நாயுடு வேறு வழி பார்த்தார். தேய்ந்த உறுப்புகளைத் தம் பட்டறையிலேயே செய்தார். வெளியே இருந்து வந்த வண்டியை வந்தபடியே ஓட்டாமல், நம் சாலைக்கும் நம் வெயிலுக்கும் ஏற்றபடி மாற்றினார். எஞ்சின் எவ்வளவு அதிர்கிறது என்று சோதித்துப் பார்க்க ஒரு கருவி செய்தார். அதிர்வு அதிகமாக இருந்தால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்று பொருள். வைத்தியர் நாடி பிடித்து நோயைக் கண்டுபிடிப்பதுபோல! பழுது வந்தபிறகு ஓடாமல், வருவதற்கு முன்பே தடுக்கும் வழி அது.

'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்' என்பது அவர் நிறுவனத்தின் பெயர். யு.எம்.எஸ். என்று கோவைப் பக்கம் சொல்வார்கள். குறித்த நேரத்துக்குப் பஸ் புறப்படும், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று பெயர் வாங்கியது. ஒரு பஸ்ஸில் தொடங்கிய நிறுவனத்தில், சில ஆண்டுகளிலேயே பஸ்களின் எண்ணிக்கை இருநூறைத் தாண்டிவிட்டது!

உலகின் மறுகோடியில் இன்னொரு பையன்

இங்கே கொஞ்சம் நிறுத்தி, உங்களை வெகுதூரம் அழைத்துப் போகிறேன். கனடா நாட்டுக்கு! கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்று ஒரு கிராமம். குளிர்காலம் வந்தால் அங்கே சாலை, வயல், கூரை எல்லாம் ஒரே வெள்ளை. நம் உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு ஊர் முழுக்கப் பரவிக் கிடந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும் பனி. சக்கரம் வைத்த எந்த வண்டியும் அதில் புதைந்துவிடும்.

அந்த ஊரில் 1907-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. அவரும் நம் துரைசாமியைப் போலத்தான். கையில் எது கிடைத்தாலும் பிரிப்பார். அவர் தொல்லை பொறுக்காமல் தந்தை ஒரு பழைய, ஓடாத ஃபோர்டு காரைக் கொடுத்தார். பையன் அந்த எஞ்சினைச் சரி செய்தான். ஒரு சறுக்கு வண்டியில் பூட்டினான். பின்னால் ஒரு பெரிய விசிறியை வைத்தான். 1922-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், 15 வயதில், தம்பி, தங்கைகளே, அந்த வண்டியைப் பனியில் ஓட்டியே காட்டிவிட்டான்! சுழலும் விசிறி ஆபத்தானது என்று தந்தை அதை உடனே கழற்றச் சொன்னார். அது வேறு கதை.

பெரியவரானதும் அவர் வாழ்வில் ஒரு துயரம் நடந்தது. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலம். அவருடைய இரண்டு வயது மகனுக்கு வயிற்றில் கடும் நோய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. பனியில் ஓடும் வண்டி இன்னும் தயாராகவில்லை. குழந்தை இறந்துவிட்டது.

அந்தத் தந்தை அழுதபடியே உட்கார்ந்துவிடவில்லை. சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் பட்டை சுழன்று பனிமேல் ஓடும் அமைப்பைச் செய்து முடித்தார். 1937-ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன்பிறகு அவர் செய்த பனி வண்டிகள் பனிக்காலத்தில் நோயாளிகளையும் மருத்துவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்து ஓடின. 1959-ஆம் ஆண்டு ஒருவர், இருவர் ஏறிச் செல்லும் சிறிய பனி வண்டியையும் அவர் நிறுவனம் விற்கத் தொடங்கியது.

இன்றைக்கும் கனடாவிலும் அமெரிக்காவிலும் அந்தக் காலத்துப் பனி வண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்குபவர்கள் உண்டு. துருவைச் சுரண்டுவார்கள். அடைத்துக்கொண்ட கார்புரேட்டரைக் கழுவுவார்கள். வெடித்த ரப்பர் பட்டையை மாற்றுவார்கள். நல்ல பிரேக், நல்ல விளக்கு பொருத்துவார்கள். பிறகு காட்டுக்குள் போகும் பனிப் பாதையில் ஓட்டி மகிழ்வார்கள்.

களங்கலில் புழுதி. வால்கூரில் பனி. ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இரண்டு பையன்களுக்கும் ஒரே கேள்வி: உள்ளே என்ன இருக்கிறது?

மோட்டார் முதல் ரேடியோ வரை

மறுபடியும் கோவைக்கு வருவோம். பஸ்ஸோடு நாயுடு நிற்கவில்லை. கிணற்றிலிருந்து நீர் இறைக்க, ஆலையை ஓட்ட மின்சார மோட்டார் வேண்டும். அன்று அது வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. நாம் ஏன் செய்யக் கூடாது? கோவை பீளமேட்டில் 1937-ஆம் ஆண்டு, பாலசுந்தரம் நாயுடு என்ற பொறியாளரோடு சேர்ந்து மின்சார மோட்டாரைச் செய்து காட்டினார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். பின்னாளில் கோவை என்றாலே மோட்டாரும் பம்புசெட்டும் என்று ஆனதல்லவா? அதற்கு அங்கே போட்ட விதைகளில் இதுவும் ஒன்று.

முகம் மழிக்க ஒரு கருவி செய்தார். டார்ச் லைட்டில் போடுவோமே, அந்த மாதிரி பேட்டரியில் ஓடும் சின்னஞ்சிறு மோட்டார் அதற்குள் இருந்தது. 'ரசாண்ட்' என்று அதற்குப் பெயர். மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, யாரும் தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

படம் பிடிப்பதிலும் அவருக்கு ஆசை. லண்டனில் 1936-ஆம் ஆண்டு மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தை அவரே நின்று சினிமாப் படமாக எடுத்தார். கேமராவில் தூரத்தைச் சரியாக வைக்க ஒரு கருவியும் செய்தார். பார்த்தீர்களா? எதைப் பயன்படுத்தினாலும் அதை இன்னும் நன்றாக ஆக்க முடியுமா என்றுதான் அவர் மூளை ஓடியது.

ரேடியோ என்பது பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது. 1941-ஆம் ஆண்டு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். விவசாயத்தையும் அவர் விடவில்லை. பத்தடி உயரத்துக்கு வளரும் பருத்திச் செடியை வளர்த்துக் காட்டினார்.

பள்ளியை விட்டவர் கட்டியது என்ன?

முதலில் ஒன்று சொன்னேனே, நினைவிருக்கிறதா? பள்ளியை விட்ட பையன் பெரியவனாகி என்ன கட்டினான்?

கல்லூரி கட்டினான்!

ஆம். 1945-ஆம் ஆண்டு கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. ஆர்தர் ஹோப் அன்றைய சென்னை மாகாண ஆளுநர். அந்தக் கல்விக்கூடங்கள் எழுந்ததற்கு நாயுடுவின் கொடையும் முயற்சியும் காரணம். முதல் முதல்வராகவும் அவரே இருந்தார். அந்தக் கல்லூரிதான் வளர்ந்து, இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக நிற்கிறது.

அங்கே அவர் ஒரு புதுமை செய்ய விரும்பினார். பாடத்தைக் குறைந்த காலத்தில், கையால் செய்து பார்த்தே கற்றுக்கொள்ள முடியும் என்பது அவர் எண்ணம். பல ஆண்டுகள் இழுப்பது வீண் என்றார். அரசாங்கம் அதை ஏற்கவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர, அவர் கற்பதை ஒரு நாளும் விடவில்லை. புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார். வெளிநாடு போனால் தொழிற்சாலைகளைத்தான் போய்ப் பார்த்தார். தமக்குக் கிடைக்காத வகுப்பறையும் ஆய்வுக்கூடமும் மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். இப்போது முடிவு செய்யுங்கள். உங்களுக்குப் பள்ளி வேண்டுமா, வேண்டாமா?

சாலைக்கு வராத கார்

1952-ஆம் ஆண்டு நாயுடு ஒரு சிறிய காரைச் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய்! நடுத்தரக் குடும்பமும் வாங்கக்கூடிய கார்.

ஆனால் அந்தக் காலத்தில் காரைத் தொழிற்சாலையில் பெருமளவு செய்ய மத்திய அரசின் உரிமம் வேண்டும். கேட்டார். கிடைக்கவில்லை. அந்தக் கார் விற்பனைக்கு வராமலே நின்றுபோனது.

வரியும் அவரை வாட்டியது. புதிதாகச் செய்பவனுக்கு ஊக்கம் இல்லை, வரிதான் இருக்கிறது என்று மனம் நொந்தார். 1950-களில் ஒரு நாள் மக்களைக் கூட்டி, தாம் செய்த ரேடியோக்களையும் மற்றப் பொருள்களையும் எல்லோர் முன்னாலும் உடைத்துப் போட்டார்!

வாழ்நாள் முழுதும் உடைந்ததைப் பூட்டியவர், தம் கையால் செய்ததைத் தாமே உடைத்தார். அது சரியா? உடைப்பதற்குப் பதில் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அவ்வளவு வலி இருந்ததால்தானே உடைத்தார் என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இன்று இரவு சாப்பிடும்போது அப்பா அம்மாவோடு பேசிப் பாருங்கள். பெரிய மனிதர் செய்தார் என்பதற்காக எல்லாவற்றையும் சரி என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காக அவரை நாம் குறைவாக எண்ணவும் வேண்டியதில்லை.

இன்றும் இருக்கிறார்

1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் ஜி.டி. நாயுடு காலமானார். அதே 1974-இல்தான் நம் தூத்துக்குடியின் புதிய துறைமுகம் நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அவர் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய இயந்திரங்களை நாம் வாங்கினோம். இன்று நம் நாட்டில் செய்த இயந்திரங்களும் கப்பலேறிப் போகின்றன.

கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரால் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் செய்த கருவிகளை அங்கே பார்க்கலாம். அவர் குடும்பத்தார் பழைய கார்களுக்கென்று தனியாக ஒரு காட்சியகத்தை 2015-ஆம் ஆண்டு திறந்தார்கள். பல நாடுகளின் பழங்காலக் கார்கள் அங்கே புத்தம் புதிதுபோல் பளபளவென்று நிற்கின்றன. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் அவிநாசி சாலையில் திறந்த நீண்ட மேம்பாலத்துக்கும் ஜி.டி. நாயுடு பெயரையே வைத்திருக்கிறார்கள். சாலையில் பஸ் ஓட்டிப் புகழ் பெற்றவருக்குச் சாலையிலேயே மரியாதை!

பழைய வண்டியைப் புதுப்பிப்பது எளிய வேலை அல்ல. முதலில் எந்த உறுப்பு எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்வார்கள். பிறகுதான் ஸ்பானரைத் தொடுவார்கள். துருப்பிடித்த திருகாணியை முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்துவிடும். எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பொறுமையாகக் கழற்ற வேண்டும். கடையில் கிடைக்காத உறுப்பை லேத்தில் கடைந்து செய்வார்கள். காட்சிக்கு வைக்கும் வண்டி என்றால் பழமை மாறாமல் அப்படியே வைப்பார்கள். ஓட்டப் போகும் வண்டி என்றால் பிரேக்கையும் விளக்கையும் இந்தக் காலத்துக்கு ஏற்றதாக மாற்றுவார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று தெரிவதுதான் இதில் பெரிய கலை.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்!

வாத்தியார் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடமாட்டார், இல்லையா? இதோ!

வீட்டில் ஓடாத கடிகாரம், உடைந்த பொம்மைக் கார், மை தீர்ந்த அமுக்குப் பேனா ஏதாவது இருக்கும். தூக்கி எறியுமுன் பெரியவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் ஓடுகிற எதையும் தொடாதீர்கள். செல்போன் பேட்டரி பக்கமும் போகாதீர்கள். அது தீப்பிடிக்கும்.

தரையில் ஒரு வெள்ளைத் துணி விரியுங்கள். ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றுங்கள். கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வையுங்கள். நோட்டில் ஒவ்வொன்றையும் படம் வரைந்து 1, 2, 3 என்று எண் போடுங்கள். பிறகு கடைசி எண்ணிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் பூட்டுங்கள். முதல் தடவை ஓர் உறுப்பு மிச்சமாகிவிடும். பரவாயில்லை. மறுபடியும் பிரியுங்கள்.

அமுக்குப் பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் கம்பி என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடித்து, திங்கட்கிழமை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும், பாருங்களேன்!